ஊசி வந்துவிட்டது, ஊருக்கு எப்போது வரும்? புதிய எச்.ஐ.வி. தடுப்பு மருந்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஜூன் மாதம் ஒரு செய்தி வந்தது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 2134 இளம்பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை லெனகாபவிர் என்ற ஊசியைப் போட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. தொற்றவில்லை. அன்றிலிருந்து நண்பர்களும் உறவினர்களும் கேட்கும் கேள்விகள் நிற்கவே இல்லை. "இனிமேல் எய்ட்ஸ் ஒழிந்துவிடுமா?" என்பதில் ஆரம்பித்து, "நம்ம ஊரில் கிடைக்குமா?" என்பது வரை கேட்கிறார்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் தெற்கு, கிழக்கு நாடுகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இந்த மருந்துகள் அதிகம் சோதிக்கப்பட்டதும் அங்கேதான், அதிகம் தேவைப்படுவதும் அங்கேதான்.

தடுப்பு மருந்து என்றால் தடுப்பூசியா?

இல்லை. தடுப்பூசி போட்டால் உடம்பே எதிர்ப்பு சக்தியை உண்டாக்கிக்கொள்ளும். இது அப்படி வேலை செய்வதில்லை. தொற்று இல்லாத ஒருவர் எச்.ஐ.வி. மருந்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறார். கிருமி உள்ளே வந்தாலும் அங்கே மருந்து காத்திருப்பதால் அதனால் பெருக முடியாது. மருந்து உடம்பில் இருக்கும் வரைதான் பாதுகாப்பு. இதற்கு ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக 'பிரெப்' என்ற பேர் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

உண்மையான தடுப்பூசிக்கான முயற்சிகள் இதுவரை கைகொடுக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்த பெரிய தடுப்பூசி ஆய்வு ஒன்று 2020 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. 2021லும் 2023லும் இன்னும் இரண்டு பெரிய ஆய்வுகள் பலன் இல்லாமல் முடிந்தன. அதனால்தான் பிரெப் மேல் இத்தனை கண்கள்.

இப்போது என்னென்ன இருக்கின்றன?

முதலில் வந்தது தினமும் விழுங்கும் மாத்திரை. டெனோஃபோவிரும் எம்ட்ரிசிட்டபினும் சேர்ந்தது, அமெரிக்காவில் 2012ல் ஒப்புதல் பெற்றது. அடுத்தது டாபிவிரின் வளையம். பெண்கள் தாங்களே பிறப்புறுப்புக்குள் வைத்துக்கொண்டு மாதம் ஒரு முறை மாற்றுவது. மூன்றாவது கபோடெக்ராவிர் ஊசி, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பிட்டத்தில் போடுவது. கடைசியாக வந்தது லெனகாபவிர், ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

ஆணுறை இருக்கிறதே, அது போதாதா?

ஆணுறை நல்ல சாதனம்தான். விலை குறைவு, பால்வினை நோய்களையும் கர்ப்பத்தையும் சேர்த்தே தடுக்கும். ஆனால் அதைப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது ஆண். அவன் மறுத்தால் அவளால் என்ன செய்ய முடியும்? கணவனிடம் "ஆணுறை போடு" என்று சொல்லும் பெண்ணுக்கு என்ன பேர் கிடைக்கும் என்று நமக்குத் தெரியாததா? 'என்மேல் உனக்குச் சந்தேகமா' என்று கேட்பான், அல்லது 'நீ எங்கே போய் வந்தாய்' என்று கேட்பான். அடியும் விழலாம்.

உலகம் முழுவதும் வாரத்துக்குச் சுமார் 4000 இளம்பெண்களுக்கு, அதாவது 15 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களுக்கு, எச்.ஐ.வி. தொற்றுகிறது என்று ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு கணக்கிடுகிறது. அவர்களில் பெரும்பாலோர் சகாராவுக்குத் தெற்கே இருக்கும் நாடுகளில். யாரிடமும் அனுமதி கேட்காமல் அவளே பயன்படுத்தக்கூடிய ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை 1990களிலேயே எழுந்துவிட்டது. பெண்ணுறையை வரவழைக்க வேண்டும் என்று ஜிம்பாப்வே பெண்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி அரசிடம் கொடுத்தார்கள். அங்கே முடிதிருத்தும் நிலையங்களில், தலை பின்னிக்கொண்டே பெண்ணுறையை விளக்கி விற்ற பெண்களும் இருந்தார்கள். மருந்துக்கடையில் கேட்கக் கூச்சப்படுகிறவள், தலைவாரும் அக்காவிடம் கேட்டுவிடுவாள்.

மாத்திரையே நன்றாக வேலை செய்கிறதென்றால் அப்புறம் ஊசி எதற்கு?

என் பார்வையில் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தினமும் விழுங்கினால் மாத்திரை மிக நன்றாகக் காக்கும். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5029 பெண்களோடு நடந்த 'வாய்ஸ்' ஆய்வின் முடிவு 2013ல் வந்தபோது எல்லோரும் திகைத்துப்போனார்கள். மாத்திரையும் காக்கவில்லை, அதோடு சேர்த்துச் சோதித்த, பிறப்புறுப்புக்குள் பயன்படுத்தும் மருந்து ஜெல்லும் காக்கவில்லை. பெண்கள் சொன்ன கணக்குப்படியும், அவர்கள் திருப்பிக் கொண்டுவந்த மிச்ச மாத்திரைகளின் கணக்குப்படியும், பத்தில் ஒன்பது வேளை மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். ரத்தத்தைப் பரிசோதித்தால் மூன்றில் ஒரு பங்கு மாதிரிகளில்கூட மருந்து இல்லை.

'பொய் சொல்லிவிட்டார்கள்' என்று அன்று சிலர் எரிச்சல்பட்டார்கள். எனக்கு அந்த எரிச்சலில் உடன்பாடு இல்லை. ஏன் விழுங்கவில்லை என்று பிறகு அந்தப் பெண்களிடமே உட்கார்ந்து கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. 'எனக்கு நோய் இல்லையே, நான் ஏன் நோயாளியின் மாத்திரையைச் சாப்பிட வேண்டும்' என்ற தயக்கம். பக்கவிளைவு பற்றி ஊரில் உலவிய பேச்சு. வீட்டில் யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்ற பயம்.

அந்த மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். முப்பது மாத்திரை போட்ட வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. எச்.ஐ.வி. உள்ளவர்கள் வாங்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை டப்பாவும் அச்சு அசல் இதே மாதிரிதான் இருக்கும். பையில் போட்டுக்கொண்டு நடந்தால் கலகலவென்று சத்தம் கேட்கும். ஷேர் டாக்ஸியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது என்ன சத்தம் என்று தெரியும். அதனால் பலர் மாத்திரைகளைத் துணியில் முடிந்துகொண்டு டப்பாவைக் கிளினிக் வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். வீட்டில் ஒரே அறை, ஒரே அலமாரி. மாமியாரோ காதலனோ தங்கையோ துணி எடுக்கும்போது அது கண்ணில் படாமல் எங்கே வைப்பது? பரிசோதனைக்கூடத்தில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

அரசுத் திட்டங்களாக மாத்திரை வந்த பிறகும் இதே கதைதான். தென்னாப்பிரிக்கா 2016லும் கென்யா 2017லும் தொடங்கின. ஆர்வமாக வந்து வாங்கிய இளம்பெண்களில் பெரும்பகுதியினர் சில மாதங்களிலேயே வருவதை நிறுத்திவிட்டார்கள்.

எதிர் உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. மைசூருவில் அசோதயா அமைப்பும் கொல்கத்தா சோனாகாச்சியில் துர்பார் அமைப்பும் 1300க்கும் மேற்பட்ட பாலியல் தொழிலாளர்களுக்கு இதே மாத்திரையைக் கொடுத்தன. இரண்டுமே பாலியல் தொழிலாளர்களே நடத்தும் அமைப்புகள். கொடுப்பவரும் விளக்குபவரும் 'சாப்பிட்டாயா' என்று விசாரிப்பவரும் அவர்களில் ஒருவர். அங்கே விடாமல் சாப்பிட்டார்கள், புதிதாக யாருக்கும் தொற்றவில்லை. மாத்திரை ஒன்றுதான், அது கைக்கு வந்த வழி வேறு.

டாபிவிரின் வளையம் 30 சதவீதம்தான் காக்கும் என்கிறார்கள். அமெரிக்காவில் ஒப்புதலும் இல்லை. அதை ஆப்பிரிக்கப் பெண்களுக்குக் கொடுப்பது அநியாயம் இல்லையா?

நியாயமான கோபம்தான், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். 2016ல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் தொற்று 27 சதவீதமும் 31 சதவீதமும் குறைந்திருந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் போக்கைப் பார்த்து, தயாரித்த அமைப்பே 2021 டிசம்பரில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இன்னொரு பக்கம், ஐரோப்பிய மருந்து முகமை 2020ல் சாதகமாகக் கருத்துச் சொன்னது, உலக சுகாதார நிறுவனம் 2021 ஜனவரியில் பரிந்துரைத்தது, ஜிம்பாப்வே அதே ஆண்டு ஒப்புதல் கொடுத்தது, தென்னாப்பிரிக்கா 2022ல்.

வளையம் எப்படி இருக்கும்? சிலிக்கோனில் செய்தது, வெள்ளை நிறம், விட்டம் 56 மில்லிமீட்டர். நம் வளையல் கடையில் சிறுமிகளுக்கு எடுத்துத் தரும் அளவு. ஆனால் கெட்டியாக இருக்காது, விரலால் அழுத்தினால் எட்டுப் போல மடங்கும். மடக்கி உள்ளே வைத்தால் அங்கேயே விரிந்து உட்கார்ந்துகொள்ளும். அதில் இருக்கும் 25 மில்லிகிராம் மருந்திலிருந்து ஒரு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது, பையில் கலகலக்காது.

அந்தச் சதவீதம் வளையத்தைச் சரியாக வைத்துக்கொள்ளாதவர்களையும் சேர்த்து எடுத்த சராசரி. 'ரீச்' என்ற ஆய்வில் 16 முதல் 21 வயதுப் பெண்களுக்கு ஆறு மாதம் மாத்திரை, ஆறு மாதம் வளையம் என்று இரண்டையும் பழகக் கொடுத்தார்கள். அப்புறம் 'உனக்கு எது வேண்டும்' என்று கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள் வளையத்தை எடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் மாத்திரையை எடுத்தார்கள். எதுவும் வேண்டாம் என்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான்.

அநியாயம் எது என்று இப்போது நீங்களே யோசியுங்கள். வேறு வழியே இல்லாமல் வளையத்தை மட்டும் நீட்டினால் அது அநியாயம். மாத்திரை, ஊசி, வளையம் மூன்றையும் மேசையில் வைத்து, எது எவ்வளவு காக்கும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, அவளையே எடுத்துக்கொள்ளச் சொன்னால் அது மரியாதை. குடும்பக் கட்டுப்பாட்டில் காப்பர்-டி, மாத்திரை, மூன்று மாத ஊசி என்று பல இருப்பதை யாரும் தப்பாகச் சொல்வதில்லையே.

லெனகாபவிர் ஊசி எப்படிப் போடுகிறார்கள்? வலிக்குமா?

முதலில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து எச்.ஐ.வி. பரிசோதனை. தொற்று இல்லை என்று தெரிந்தால்தான் ஊசி. அன்றே இரண்டு மாத்திரைகள் விழுங்க வேண்டும். பிறகு தொப்புளைச் சுற்றிய பகுதியிலோ தொடையிலோ, தோலுக்கு அடியில், ஒன்றரை மில்லி வீதம் இரண்டு ஊசிகள். மருந்து கெட்டியாக இருப்பதால் நர்ஸ் மெதுவாகத்தான் ஏற்றுவார். மறுநாள் வீட்டில் இன்னும் இரண்டு மாத்திரைகள். அவ்வளவுதான், அடுத்த ஊசி 26 வாரம் கழித்து.

ஊசி போட்ட இடத்தில் தோலுக்குக் கீழே ஒரு சின்னக் கட்டி தட்டுப்படும். மருந்து அங்கே தங்கியிருந்து கசிவதுதான் அது. நாளாக ஆகக் கரையும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், குளிக்கும்போது கையில் கட்டி தட்டுப்பட்ட பெண் பயந்துபோவாள். அவள் பயம் நாலு நாளில் ஊர் முழுக்கப் பரவும். இரண்டாம் நாள் மாத்திரையும் அப்படித்தான். சின்ன விஷயம், ஆனால் மறந்தால் முதல் நாட்களில் ரத்தத்தில் போதிய மருந்து இருக்காது. ஒரு காகித உறையில் போட்டு 'நாளைக்கு' என்று எழுதிக் கையில் கொடுத்து அனுப்பலாம், மறுநாள் போனில் ஒரு தடவை நினைவுபடுத்தலாம்.

தென்னாப்பிரிக்கப் பெண்களுக்கு ஊசி என்பது புதிதல்ல. கருத்தடைக்கான மூன்று மாத ஊசியைப் பல ஆண்டுகளாகப் போட்டுக்கொள்கிறார்கள். நம் அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்ற பேரில் கிடைக்கிறதே, அதே மருந்துதான். கருத்தடைக்கு வரும் அன்றே பிரெப் ஊசியையும் போட முடிந்தால் ஒரு பஸ் செலவு மிச்சம், ஒரு நாள் கூலி மிச்சம், வீட்டில் ஒரு பொய் மிச்சம்.

மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். அதே ஆய்வில் தினசரி மாத்திரை வாங்கிய இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்றில் 1068 பேரில் 16 பேருக்கும், இன்னொன்றில் 2136 பேரில் 39 பேருக்கும் தொற்றியது. ஊசிப் பிரிவில் பூஜ்யம். ஆண்களையும் திருநங்கைகளையும் சேர்த்துப் பல நாடுகளில் நடந்த இரண்டாவது ஆய்வில் 2179 பேரில் 2 பேருக்கு மட்டும் தொற்றியது. முதல் ஆய்வின் முடிவைக் கேப்டவுன் ஆராய்ச்சியாளர் லிண்டா-கெயில் பெக்கர் 2024 ஜூலையில் மியூனிக் மாநாட்டில் அறிவித்தபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்துவிட்டால் மற்ற நாடுகளுக்கும் வந்துவிடுமா?

வராது. ஒப்புதலுக்கும் ஊருக்கும் நடுவில் பல படிகள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, ஒவ்வொரு நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, அந்த நாட்டின் சிகிச்சை வழிகாட்டி, பணம் கொடுப்பவர், கப்பல், கிடங்கு, நர்ஸுகளுக்குப் பயிற்சி, கடைசியில் கிளினிக் அலமாரி. ஒரு படி தாமதமானாலும் அதற்கடுத்தவை எல்லாம் காத்துக்கிடக்கும்.

மாத்திரைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் 2012ல், உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்குமாகப் பரிந்துரைத்தது 2015ல், கென்யா நாடு தழுவிய திட்டமாகத் தொடங்கியது 2017ல். ஐந்து வருஷம் போய்விட்டது. கபோடெக்ராவிருக்கு 2021 டிசம்பரில் ஒப்புதல். ஆய்வுக்கு வெளியே, சாதாரணக் கிளினிக்கில் ஆப்பிரிக்காவில் முதலில் போட்டது ஜாம்பியா, 2024 பிப்ரவரியில். இரண்டு வருஷத்துக்கு மேல். லெனகாபவிர் 2025 ஜூன் 18ல் ஒப்புதல் பெற்றது, ஜூலை 14ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது, அக்டோபரில் தென்னாப்பிரிக்கா ஒப்புதல் கொடுத்தது, நவம்பரில் எஸ்வாடினிக்கும் ஜாம்பியாவுக்கும் முதல் தவணை மருந்து போய்ச் சேர்ந்தது. ஐந்தே மாதம்! இந்தத் துறையில் இத்தனை வேகத்தை யாரும் பார்த்ததில்லை. இது தானாக வந்த வேகம் இல்லை. கபோடெக்ராவிர் தாமதத்தைப் பார்த்து நொந்தவர்கள், ஆய்வு நடக்கும்போதே அடுத்தடுத்த படிகளைத் தயார்செய்து வைத்தார்கள்.

பலர் கவனிக்காத ஒரு முடிவும் இதில் உதவியது. ஊசிக்கு முன்னால், கிருமியின் மரபணுவையே தேடும் விலை உயர்ந்த ஆய்வகப் பரிசோதனை வேண்டும் என்று அமெரிக்காவில் சொல்லியிருந்தார்கள். மலாவியின் ஒரு கிராமத்து சுகாதார மையத்தில் அதற்கு எங்கே போவது? சாதாரண விரைவுப் பரிசோதனையே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2025ல் தெளிவாகச் சொன்னது. அந்த ஒரு முடிவால், ஆய்வகம் இல்லாத நூற்றுக்கணக்கான ஊர்களுக்குக் கதவு திறந்தது.

விலை?

அமெரிக்காவில் லெனகாபவிருக்கு ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 28,218 டாலர் என்று விலை வைத்தார்கள். நம் கணக்கில் 24 லட்சம் ரூபாய் சொச்சம். பெரிய அளவில் தயாரித்தால் 40 டாலர் அளவில் கொடுக்க முடியும் என்று லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஹில் குழு 2024லேயே கணக்குப் போட்டுக் காட்டியது. நடக்கிற காரியமா என்று அப்போது பலர் கேட்டார்கள். 2025 செப்டம்பரில் இரண்டு ஹைதராபாத் கம்பெனிகள், டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டெரோவும், 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலருக்குத் தருவதாக அறிவித்தன. இன்று தினசரி மாத்திரைக்கு ஆகும் செலவும் கிட்டத்தட்ட அதேதான்.

இது முன்பே நடந்த கதை. 2001ல் எச்.ஐ.வி. சிகிச்சை மருந்து ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தபோது, சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். அந்த விலைதான் லட்சக்கணக்கான ஆப்பிரிக்கர்களை உயிரோடு வைத்தது.

ஆனால் முழுச் சந்தோஷத்துக்கு இடமில்லை. காப்புரிமை வைத்திருக்கும் கிலியட் நிறுவனம் அதே மருந்தை மலிவாகத் தயாரிக்கும் ஆறு ஜெனரிக் கம்பெனிகளுக்கு 120 நாடுகளில் விற்க உரிமம் கொடுத்தது. பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு அந்தப் பட்டியலில் இல்லை. இந்த நான்கு நாட்டு மக்களும் இரண்டாவது ஆய்வுக்குத் தங்கள் உடம்பைக் கொடுத்தவர்கள். ஊசி வேலை செய்கிறது என்று நிரூபிக்க அவர்கள் வேண்டும், மலிவு விலையில் வாங்க மட்டும் அவர்கள் கூடாதாம். இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஏழை நாட்டுப் பெண்களைச் சோதனை எலியாக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு உண்மையா?

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2004ல் கம்போடியாவில் 960 பாலியல் தொழிலாளர்களை வைத்து டெனோஃபோவிர் மாத்திரை ஆய்வு தொடங்க இருந்தது. 'இந்த மருந்தால் பின்னாளில் உடம்புக்கு ஏதாவது வந்தால் யார் பார்ப்பார்கள்? முப்பது வருஷத்துக்கு மருத்துவக் காப்பீடு கொடுங்கள்' என்று அந்தப் பெண்களின் சங்கம் கேட்டது. பதில் திருப்தியாக இல்லை. போராட்டம் வலுத்து, பிரதமர் ஹுன் சென் ஆய்வையே நிறுத்தினார். அடுத்த ஆண்டு கேமரூனிலும் இதே மருந்தின் ஆய்வு நின்றது.

ஆராய்ச்சியாளர்கள் சிலர் அன்று அந்தப் பெண்களைக் குறை சொன்னார்கள். ஆனால் அவர்கள் கேட்ட கேள்விதான் பிறகு விதியானது. ஆய்வைத் திட்டமிடும்போதே அந்த ஊர் மக்களைக் கலந்து பேச வேண்டும், ஆய்வில் தொற்று ஏற்பட்டால் சிகிச்சைக்கு என்ன ஏற்பாடு என்று முன்பே சொல்ல வேண்டும் என்றெல்லாம் ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பும், எச்.ஐ.வி. தடுப்புக்காகக் குரல்கொடுக்கும் ஏவாக் அமைப்பும் சேர்ந்து 2007ல் வழிகாட்டி வெளியிட்டன. லெனகாபவிர் ஆய்வில் 16, 17 வயதுப் பெண்களையும் சேர்த்ததும், நடுவில் கர்ப்பமானவர்களை வெளியே அனுப்பாமல் தொடரவிட்டதும் அந்த வழியில் வந்த மாற்றங்கள்தான். முன்பெல்லாம் கர்ப்பிணிகளை ஒதுக்கிவிட்டு, மருந்து வந்த பிறகு 'கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பா, தெரியாது' என்று கையை விரிப்பார்கள்.

யாருக்கு முதலில் கொடுக்க வேண்டும்?

ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு முதலில் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. தென்னாப்பிரிக்கா 2016ல் பாலியல் தொழிலாளர்களுக்கான மையங்களில்தான் மாத்திரையைத் தொடங்கியது. நோக்கம் சரிதான், ஆனால் அதோடு ஒரு முத்திரையும் ஒட்டிக்கொண்டது. 'அது அவர்கள் சாப்பிடும் மாத்திரை' என்று ஊர் சொல்ல ஆரம்பித்த பிறகு, ஒரு கல்லூரி மாணவி அதை எப்படிக் கேட்டு வாங்குவாள்? எனக்குத் தோன்றுவது: எல்லாப் பெண்களும் வந்துபோகும் இடத்தில், கருத்தடைக்கும் கர்ப்பப் பரிசோதனைக்கும் வரும் அதே அறையில், அதே நர்ஸ் கொடுக்க வேண்டும். பாலியல் தொழிலாளர்களுக்கு அவர்கள் அமைப்பு மூலமும் கொடுக்கலாம். வரிசையைப் பார்த்தே 'இவள் எதற்கு நிற்கிறாள்' என்று யாரும் கண்டுபிடிக்கக் கூடாது.

ஊசி போட்டுக்கொண்டால் ஜனங்கள் பொறுப்பில்லாமல் நடப்பார்களே?

ஹெல்மெட் போட்டவன் எல்லாம் வண்டியைக் கொண்டுபோய் மோதுவதில்லை. கருத்தடை மாத்திரை வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். பிரெப் மற்ற பால்வினை நோய்களைத் தடுக்காது, கர்ப்பத்தையும் தடுக்காது. இதைத் தெளிவாகச் சொல்லி ஆணுறையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

மருந்துக்குக் கிருமி பழகிவிடாதா? காசநோய் உள்ளவர்கள் போடலாமா?

தொற்று இருப்பது தெரியாமல் ஊசி போட்டால் கிருமி பழகிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதனால்தான் ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் பரிசோதனை. ஊசியை நடுவில் நிறுத்தினாலும் மருந்து உடனே உடம்பை விட்டுப் போகாது. மாதக்கணக்கில் கொஞ்சமாக மிஞ்சியிருக்கும். அந்தக் கொஞ்சம் காக்கப் போதாது, ஆனால் கிருமி பழகிக்கொள்ளப் போதும். ஆகவே நிறுத்துகிறவர்களிடம், ஆபத்து இன்னும் இருந்தால் மாத்திரைக்கு மாறச் சொல்ல வேண்டும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் லெனகாபவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும், கூடுதல் டோஸ் தேவைப்படும். தென்னாப்பிரிக்காவில் காசநோய் பரவலாக இருப்பதால் இது சின்ன விஷயமில்லை.

அமெரிக்கா நிதியை நிறுத்தியதால் என்ன ஆனது?

ஆப்பிரிக்காவில் பிரெப் வாங்கிய பெரும்பாலோருக்கு அது கிடைத்தது பெப்ஃபார் என்ற அமெரிக்க நிதித் திட்டத்தால். 2025 ஜனவரி 20ல் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தார்கள். பிறகு கொடுத்த விலக்கிலும், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் மட்டும்தான் பிரெப் என்றார்கள். கிளினிக்குகள் மூடின. வீடு வீடாகப் போய் 'ஊசி தேதி வந்துவிட்டது' என்று நினைவுபடுத்திய பெண்களுக்கு வேலை போனது. ஐந்து ஆப்பிரிக்க நாடுகளில் மாத்திரை, வளையம், கபோடெக்ராவிர் மூன்றையும் ஒன்றாக வைத்துத் தேர்வு செய்யவிட்ட ஆய்வும் பாதியில் முடங்கியது.

டர்பனில் நடந்ததுதான் மனதை விட்டு அகலவில்லை. ஒரு புதிய வளையத்தைச் சோதிக்கும் ஆய்வில் பெண்கள் அதைப் பொருத்திக்கொண்டிருந்த நேரத்தில், வேலையை உடனே நிறுத்து என்ற உத்தரவு வந்தது. அகற்றுவதும் 'வேலை'தான், அதற்கும் அனுமதி இல்லை. உத்தரவை மீறி, ஆராய்ச்சியாளர்களே அந்தப் பெண்களைக் கூப்பிட்டு வளையத்தை எடுத்துவிட்டார்கள். நம்பி உடம்பைக் கொடுத்தவளை அப்படியே விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனசு வரவில்லை.

அப்புறம் நிலைமை கொஞ்சம் திரும்பியது. எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிரான உலக நிதியமும் கிலியட்டும் 2025 ஜூலையில், மூன்று ஆண்டுகளில் 20 லட்சம் பேருக்கு வரை லெனகாபவிர் தர ஒப்பந்தம் செய்தன. செப்டம்பரில் அமெரிக்க அரசும் அதில் சேர்ந்துகொண்டது, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும் முன்னுரிமை என்று. ஆண்டுக்குச் சுமார் 13 லட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்றும் உலகத்தில், அந்த ஒவ்வொருவரையும் காக்க அதைப் போலப் பல மடங்கு பேருக்கு ஊசி போட வேண்டியிருக்கும். 20 லட்சம் என்பது ஆரம்பம்தான்.

தமிழ்நாட்டில் ஒருவர் இதைக் கேட்டால் என்ன சொல்வது?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986ல் சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். இன்று இங்கே எச்.ஐ.வி. பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் இலவசம், விவரம் வெளியே போகாது. பிரெப் மாத்திரைக்கு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2022ல் வழிகாட்டி வெளியிட்டது. ஆனாலும் பெரும்பாலும் தனியார் மருத்துவரிடம் சீட்டு வாங்கிக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. 120 நாடுகளுக்கு 40 டாலர் ஊசியைத் தயாரிக்கப்போவது நம் நாட்டு ஹைதராபாத் கம்பெனிகள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏற்கெனவே ஆபத்தான உறவோ, பலவந்தமோ, ஊசி குத்திக்கொண்டதோ நடந்திருந்தால் பிரெப் உதவாது. அதற்கு வேறு மருந்து இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, அதனால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097, கட்டணம் கிடையாது.